பழைய கார்டில் எந்தக் காய்ன் ஓட்டுவது? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கிராபிக்ஸ் கார்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்து, "அண்ணாச்சி, இதுல இப்ப எந்தக் காய்ன் ஓட்டலாம்?" என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். காய்ன் ஓட்டுவது என்றால் மைனிங்: கார்டை விடாமல் கணக்குப் போடவிட்டு, அதற்குப் பரிசாகக் கிரிப்டோ காய்ன் வாங்குவது. பெரும்பாலும் ஆர்எக்ஸ் 570, ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி 2016, 2017 வாக்கில் வெளிவந்த கார்டுகள். நானும் ஆறு ஆர்எக்ஸ் 580-ஐ ஒரே மதர்போர்டில் போட்டு ரிக் கட்டி ஓட்டியவன். எத்தீரியம் இருந்த காலத்திலும் ஓட்டினேன், அதற்குப் பிறகும் எதில் ஓட்டினால் நிற்கும் என்று தேடித்தேடி ஓட்டினேன்.

கேட்பவர்கள் என்னிடம் ஒரு காய்ன் பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். கார்டில் மெமரி எத்தனை ஜிபி? வீட்டுக்குக் கரண்டு பில் எவ்வளவு வருது? பழைய கார்டைப் பொறுத்தவரை காய்ன் பெயர் இந்த இரண்டு பதிலிலிருந்துதான் வர முடியும். விலை ஏறுகிற காய்ன் எது என்று பார்த்துத் தொடங்கியவர்களில் நிலைத்து ஓட்டிய ஒருவரையும் நான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

2022 செப்டம்பரை முதலில் சொல்லிவிடுகிறேன். 10ஆம் தேதி தமிழ்நாட்டில் புதிய மின்கட்டணம் அமலுக்கு வந்தது. 15ஆம் தேதி எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்டு, காய்னைப் பூட்டிவைப்பவர்களுக்கே பரிசு தரும் ஸ்டேக்கிங் முறைக்கு மாறியது. ஐந்தே நாள் இடைவெளியில் செலவு ஏறி, வரவு நின்றுபோனது. உலகம் முழுக்க எத்தீரியம் ஓட்டிய கார்டுகளில் ஏராளமானவை ஒரே ராத்திரியில் எத்தீரியம் கிளாசிக், ரேவன்காய்ன், எர்கோ பக்கம் திரும்பின. அந்தக் காய்ன்களில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்தப் பரிசு அப்படியேதான் இருந்தது. பங்கு கேட்டு வந்தவர்கள் பல மடங்கு. ஒரு பந்திக்குச் சமைத்ததை நாலு பந்திக்குப் பரிமாறினால் இலையில் என்ன விழும்? அதுதான் விழுந்தது. இன்றைக்குப் பழைய கார்டில் எதை ஓட்டுவது என்ற கேள்வியே அந்த வாரத்துக்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன்னால் கேள்விக்கு இடமில்லை, ஏறக்குறைய எல்லோரும் எத்தீரியம்தான்.

சரி, மெமரிக்கு வருவோம்.

எத்தாஷ் (எத்தீரியம் மைனிங்குக்கான கணக்கு முறை) வகை அல்காரிதங்களுக்கு டேக் என்று ஒரு பெரிய தரவுத் தொகுப்பு உண்டு. அது முழுதாகக் கார்டின் மெமரிக்குள் உட்கார வேண்டும். 2015-இல் எத்தீரியம் தொடங்கியபோது அது 1 ஜிபி. ஒவ்வொரு 30,000 பிளாக்குக்கும் (பிளாக் என்பது பரிவர்த்தனைகளை எழுதும் ஒரு பக்கம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் பரிசு உண்டு) 8 எம்பி கூடிக்கொண்டே வந்து 2020 டிசம்பர் வாக்கில் 4 ஜிபியைத் தொட்டது. அதோடு 4 ஜிபி கார்டுகள் எல்லாம் எத்தீரியத்தில் நின்றுவிட்டன. கார்டில் பழுது கிடையாது, வேகமும் குறையவில்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். அப்போது பலர் கார்டு செத்துவிட்டது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள்.

எத்தீரியம் கிளாசிக் இதை வேறு மாதிரி கையாண்டது. 2020 நவம்பரில் தானோஸ் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, 60,000 பிளாக்குக்கு ஒருமுறைதான் டேக் வளரும் என்று ஆக்கினார்கள். அளவு சட்டென்று இறங்கியது. 3 ஜிபி, 4 ஜிபி கார்டுகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனால் வளர்வது நிற்கவில்லை, மெதுவானது மட்டும்தான். 13 நொடிக்கு ஒரு பிளாக் என்றால் 60,000 பிளாக்குக்கு ஒன்பது நாள். ஒன்பது நாளைக்கு 8 எம்பி, வருஷத்துக்கு 300 எம்பிக்கு மேல். உங்கள் கார்டு தாங்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கிளாசிக்கின் இன்றைய பிளாக் எண்ணை 60,000-ஆல் வகுத்து, 8-ஆல் பெருக்கி, 1,024 கூட்டுங்கள். வருவது எம்பியில் ஏறக்குறைய டேக்கின் அளவு. 1 கோடியே 54 லட்சம் பிளாக்கில் அது 3 ஜிபியைத் தாண்டிவிட்டது. 2 கோடி பிளாக்கில் 3.6 ஜிபி. 4 ஜிபி கார்டுக்கு எல்லை 2 கோடியே 30 லட்சம் பிளாக், அதுவும் மெமரி முழுதும் கிடைத்தால்.

முழுதும் கிடைக்காது என்பதுதான் விஷயம். விண்டோஸ் தனக்கென்று கொஞ்சம் மெமரியை ஒதுக்கிக்கொள்ளும். அந்தக் கார்டிலேயே மானிட்டரையும் மாட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஹைவ் ஓஎஸ் மாதிரி லினக்ஸில் ஓட்டினால் இந்த இழப்பு குறைவு. விளிம்பில் நிற்கிற கார்டுக்கு அதுவே கூடுதலாகச் சில மாதங்கள் தரும்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி ஜிடிஎக்ஸ் 1060 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு வந்தான். 3 ஜிபி கார்டு. "1060-னுதான் சொன்னாவ அண்ணாச்சி, எல்லாம் ஒண்ணுதான?" என்றான். ஒன்று கிடையாது. 6 ஜிபி கார்டில் 1,280 கோர், 3 ஜிபி கார்டில் 1,152 கோர். பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. மைனிங்கில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். 3 ஜிபிக்கு என்ன மிச்சம் என்று தேடினால் வெர்ட்காய்ன் மாதிரி ஒன்றிரண்டு வரும். அது 2021-இல் மாறிய வெர்ட்ஹாஷ் அல்காரிதத்துக்குச் சுமார் 1.2 ஜிபி ஃபைல் போதும், அது வளர்வதும் இல்லை. ஓடும். ஆனால் வருகிற காய்னை விற்க வாங்குபவர் வேண்டுமே. அதை அவனிடம் சொல்லி, கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். 3 ஜிபி, 2 ஜிபி கார்டோடு வருபவர்களுக்கு என் பதில் இன்றும் அதுதான்.

6, 8 ஜிபி இருந்தால்தான் அடுத்த கேள்விக்கே போக முடியும். அந்த அல்காரிதம் கார்டின் எந்தப் பாகத்தைக் கசக்கிப் பிழிகிறது? இதைப் பலர் கவனிப்பதே இல்லை. என் அனுபவத்தில் பழைய கார்டுக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

எத்தீரியம் கிளாசிக்கின் எட்ச்ஹாஷ், எர்கோவின் ஆட்டோலிகோஸ் இரண்டும் மெமரியை நம்பி ஓடுபவை. கோர் பாதி சும்மா இருக்கும். ரேவன்காய்ன் 2020 மே மாதம் மாறிய காபவ் அப்படியில்லை, அது கோரையும் மெமரியையும் சேர்த்து விரட்டும். காஸ்பாவின் கேஹெவிஹாஷ், அலெஃபியத்தின் பிளேக்3 எல்லாம் முழுக்க முழுக்கக் கோர் வேலை. இப்போது பழைய கார்டைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580-இன் மெமரியில் தரவு ஓடும் வேகம் நொடிக்கு 256 ஜிபி. அதற்கு நாலு வருஷம் கழித்து 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600-க்கு 224 ஜிபி. மெமரி விஷயத்தில் பழைய கார்டு கிழமாகவில்லை! எத்தாஷில் நன்றாக டியூன் செய்த ஆர்எக்ஸ் 580 சுமார் 30 மெகாஹாஷ் (நொடிக்கு மூன்று கோடி கணக்கு முயற்சி) கொடுக்கும், ஆர்எக்ஸ் 6600-உம் ஏறத்தாழ அந்த அளவில்தான் கொடுக்கும். ஆனால் புதிய கார்டு பாதிக் கரண்டில் அந்த வேலையை முடித்துவிடும்.

அதனால் மெமரி வேலையில் பழைய கார்டு வேகத்தில் சமமாக நிற்கும், கரண்டில் மட்டும் தோற்கும். கோர் வேலையில் வேகத்திலும் தோற்கும், கரண்டிலும் தோற்கும். எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. ஆர்எக்ஸ் 580, 570 வைத்திருப்பவர்கள் மெமரி அல்காரிதங்களைத் தாண்டிப் போவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060-இன் மெமரி வேகம் 192 ஜிபிதான். அதனால் எத்தாஷ் வகையில் அது 22, 23 மெகாஹாஷோடு நின்றுவிடும், ஆனால் இழுக்கிற கரண்டும் குறைவு.

டியூனிங்கும் இதைப் பொறுத்துத்தான். மெமரி அல்காரிதம் என்றால் கோரை இறக்கிவிடலாம். ஆர்எக்ஸ் 580-இன் கோர் சாதாரணமாக 1,340 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். நான் 1,150 பக்கம் வைத்து, வோல்டேஜை 850 மில்லிவோல்ட் வாக்கில் இறக்கினேன். ஹாஷ்ரேட் (அந்த மெகாஹாஷ் வேகம்) துளிக்கூடக் குறையவில்லை, கரண்டு நன்றாகக் குறைந்தது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. ஒரே கம்பெனி, ஒரே மாடல் கார்டிலேயே ஒன்று 850-இல் ஓடும், பக்கத்துக் கார்டு தொங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்த படி. மெமரி டைமிங்கை மாற்ற பயாஸில் (கார்டை இயக்கும் உள் மென்பொருளில்) கை வைப்பவர்கள், மெமரி சிப் சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா, எல்பிடாவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் டைமிங்கை இன்னொன்றில் போட்டால் கார்டு எழுந்திருக்காது. ஒரிஜினல் பயாஸை ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்து, கார்டின் சீரியல் எண்ணையும் அதன்மேல் எழுதி வையுங்கள்.

மென்பொருள் காட்டுகிற வாட் கணக்கை நம்ப வேண்டாம். ஆர்எக்ஸ் 580 மாதிரி கார்டுகளில் அது சிப் இழுப்பதை மட்டும்தான் காட்டும். மெமரி, மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் பாகங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் சூடாகப் போவது எதுவும் அதில் வராது. திரையில் 80, 85 என்று தெரியும்போது சுவரில் அதைவிட முப்பது வாட்டாவது கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். யூனிட் காட்டுகிற ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். நான் மைனிங்குக்காக வாங்கியதில் முழுக்கப் பிரயோஜனப்பட்ட பொருள் அதுதான், கார்டுகளைவிட. இன்னொன்று, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசருக்கு, ஹார்டிஸ்குக்கான சாட்டா வயரில் கரண்டு கொடுக்காதீர்கள். அந்தக் கனெக்டர் 54 வாட்டுக்குத்தான், ரைசர் வழியாகக் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். கருகிப்போன கனெக்டர்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஆறு பின் ரைசர் வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் மாடி அறை ராத்திரி பத்து மணிக்கும் தணலாக இருக்கும். அந்த நேரத்தில் காபவ் ஓட்டினால் ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் கத்தும், ஃபேனே தனியாகக் கரண்டு இழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் நான் பகலில் நிறுத்திவிட்டு, ராத்திரியில் மட்டும் மெமரி அல்காரிதத்தை ஓட்டினேன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வரும்போது கதை வேறு. ஆலங்குளம், கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஆர்எக்ஸ் 580-இன் மெமரிக்கு வெப்பம் காட்டும் சென்சார் கிடையாது என்பதை மறக்கக்கூடாது. கோர் 65 டிகிரி என்று காட்டும், மெமரி உள்ளே வெந்துகொண்டிருக்கும். பலர் சேர்ந்து ஓட்டிப் பரிசைப் பங்கிடும் பூலில், நாம் அனுப்புகிற விடைகளில் (ஷேர்) தள்ளுபடியாவது கூடுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஈபியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளை நான் தூசி தட்டுகிற நாளாக வைத்துக்கொண்டேன். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரையில் ஓட்டுபவர்களுக்குத் தூசியைவிட உப்புக் காற்று பெரிய தலைவலி. ஹீட்சிங்க் திருகாணியெல்லாம் துருப்பிடித்துத்தான் கார்டு வரும்.

இனி கரண்டு பில். இதில் கொஞ்சம் நிதானமாக உட்காரலாம், ஏனென்றால் முடிவு இங்கேதான் ஆகிறது.

ஆறு கார்டும் மதர்போர்டும் சேர்ந்து எட்ச்ஹாஷ் ஓடும்போது சுவரில் 750 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 18 யூனிட். இரண்டு மாதத்துக்கு 1,080 யூனிட். வீட்டுச் செலவு தனியாக 400 யூனிட். மொத்தம் 1,480. 2022 செப்டம்பர் கட்டணப்படி முதல் 100 இலவசம், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய். கூட்டினால் 11,830 ரூபாய். ரிக் இல்லாமல் 400 யூனிட் மட்டும் என்றால் 500-க்குக் கீழே இருப்பவர்களுக்கான சலுகை விலையில் 1,125 ரூபாயோடு முடிந்திருக்கும். அப்படியானால் ரிக்கின் செலவு 10,705 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய் 91 பைசா.

பலர் மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, "நமக்கு எட்டு ரூபாதான் ஆகுது" என்கிறார்கள். அந்தச் சராசரிக்குள் இலவச யூனிட்டும் வீட்டுக்கான மலிவு யூனிட்டும் ஒளிந்திருக்கின்றன. ரிக் சாப்பிடுவது எல்லாமே மேல் படியில் இருக்கிற யூனிட். அதோடு வீட்டின் ஃபேனும் லைட்டும்கூட ரிக் வந்த பாவத்துக்குச் சலுகையை இழக்கின்றன. அதனால் யூனிட் 10 ரூபாய் என்றே கணக்குப் போடுங்கள். 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்றைய பட்டியலை எடுத்து மறுபடி கூட்டிப் பாருங்கள். ரிக் ரிக்காக அடுக்குபவர்கள் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, அது தொழில். வணிக இணைப்பில் இலவச யூனிட்டும் கிடையாது. செக்‌ஷன் ஆபீசில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

எந்தக் காய்னாக இருந்தாலும் வரவைக் கணக்கிடும் முறை ஒன்றுதான். உங்கள் ஹாஷ்ரேட்டை வலையமைப்பின் மொத்த ஹாஷ்ரேட்டால் வகுத்து, ஒரு நாளைக்கு அந்தக் காய்னில் புதிதாக எத்தனை வெளிவருகிறதோ அதனால் பெருக்க வேண்டும். ரேவன்காய்னையே எடுத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 1,440. 2022 ஜனவரியில் பரிசு பாதியாகி பிளாக்குக்கு 2,500 ஆனது, ஆக அப்போது நாளைக்கு 36 லட்சம் ரேவன். ஆறு ஆர்எக்ஸ் 580 சேர்ந்து காபவில் சுமார் 78 மெகாஹாஷ். வலையமைப்பு 5 டெராஹாஷ் (50 லட்சம் மெகாஹாஷ்) என்று வைத்தால் உங்கள் பங்கு சுமார் 56 ரேவன். காபவ் கோரையும் இழுப்பதால் சுவரில் 880 வாட் போகும், 21 யூனிட், 210 ரூபாய். அப்படியானால் ஒரு ரேவன் 3 ரூபாய் 75 பைசாவுக்கு விற்றால்தான் கரண்டுக்குச் சரியாகும். நான் கணக்குப் போட்ட நாளில் ரேவன் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அன்றோடு காபவை நிறுத்தினேன். இப்படி ஒவ்வொரு காய்னுக்கும் கரண்டுக்குச் சரியாகிற விலை என்ன என்று எழுதிவைத்துக்கொண்டால், தினம் தினம் லாபப் பட்டியல் பார்த்துக் காய்ன் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாட்-டு-மைன் (WhatToMine) மாதிரி தளங்கள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும், ஆனால் யூனிட் விலையையும் உங்கள் சுவர் வாட்டையும் நீங்கள்தான் மாற்றி உள்ளிட வேண்டும். அதில் முன்கூட்டியே இருக்கிற எண்கள் நம் வீட்டுக்கானவை அல்ல.

ஒரே அல்காரிதத்துக்கென்று செய்யப்படும் ஏசிக் மெஷின் பற்றிச் சுருக்கமாக. ஒரு காய்னுக்கு ஏசிக் வந்துவிட்டால் கார்டுக்கு அங்கே வேலை முடிந்தது. லைட்காய்னுக்கு 2014-இல் வந்தது, இசட்கேஷுக்கு (Zcash) 2018-இல் வந்தது. காஸ்பா 2021 நவம்பரில் தொடங்கிக் கார்டுகளில் அமர்க்களமாக ஓடியது, 2023-இல் ஏசிக்குகள் வந்ததும் கார்டு வரவு கரைந்துபோனது. அலெஃபியத்துக்கு 2024-இல். கோர் மட்டும் வேலை செய்கிற எளிய அல்காரிதங்களில் ஏசிக் சீக்கிரம் வரும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எத்தீரியம் கிளாசிக்கிலும் ஏசிக் ஓடுகிறது என்பதை மறைக்க மாட்டேன். மொனீரோ 2019 நவம்பரிலிருந்து ரேண்டம்எக்ஸில் இருக்கிறது. அது சிபியு வேலை, கார்டை அதில் போடுவது வீண்.

காய்ன் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் காய்னைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். சின்ன காய்ன்கள் பெரும்பாலும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளில்தான் விற்கும். 2023 டிசம்பர் கடைசியில் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, அடுத்த மாதமே அவற்றின் ஆப்கள் இங்கே முடங்கின. சில பிறகு பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தன. அந்த இடைவெளியில் சின்ன காய்ன் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பூலில் குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் பணம் தருவார்கள் என்றும் பாருங்கள். ஒரே கார்டு வைத்திருப்பவருக்கு அந்த அளவைத் தொடவே மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கு நைஸ்ஹாஷ் மாதிரி, ஹாஷ்ரேட்டை விற்று பிட்காய்னாகவே வாங்கிக்கொள்கிற வழி தொந்தரவில்லாதது. கொஞ்சம் கழிவு போகும், பரவாயில்லை.

வரி விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே வருஷம் ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். மைனர்களைக் கடுமையாக அடிப்பது வேறொன்று. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவைக் காய்ன் வாங்கிய விலையாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசு சொல்லிவிட்டது. எங்கள் ஆடிட்டர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒரு நாளில் 200 ரூபாய்க்குக் காய்ன் வருகிறது, கரண்டு 180. கையில் 20 ரூபாய் மிச்சம் என்று நினைப்போம். வரி முழு 200-க்கும் விழுந்தால் 62 ரூபாய் 40 பைசா. ஆக 42 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. 180 ரூபாய் கரண்டுக்கு 262 ரூபாய் காய்ன் வந்தால்தான் வரியும் போய்ச் சமமாகும். முன்னால் சொன்ன ரேவன் கணக்கையும் இதே மாதிரி ஏற்றிப் பாருங்கள், 3.75 போதாது, 5 ரூபாய் 45 பைசா வேண்டும். உங்கள் நிலைமைக்கு எப்படி என்று ஒரு ஆடிட்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

"இப்ப நஷ்டமா இருந்தாலும் சேத்து வச்சா நாளைக்கு ஏறும்லா அண்ணாச்சி" என்று சொல்கிறவர்கள் உண்டு. காஸ்பாவை 2022-இல் கார்டில் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஏறியது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கை இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 180 ரூபாய் கரண்டு செலவழித்து 100 ரூபாய் காய்ன் எடுப்பதைவிட, அந்த 180-க்கும் காய்னையே வாங்கினால் கையில் கூடுதல் காய்ன். வாங்கிய விலையை வரியில் கழிக்கவும் முடியும், மைனிங் கரண்டைக் கழிக்க முடியாது. நான் யாரையும் காய்ன் வாங்கச் சொல்லவில்லை. நஷ்டத்தில் மைன் செய்து சேர்த்து வைப்பது என்பது, அதே காய்னை அதிக விலை கொடுத்து வாங்குவதுதான் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு புதுக் காய்ன் வந்து எந்த எக்ஸ்சேஞ்சிலும் இல்லாத ஆரம்ப நாட்களில் மட்டும் இந்த வாதம் செல்லாது. அதற்கு ஒரு வரம்பு வைத்து, ஒன்றிரண்டு கார்டை மட்டும் விட்டுப் பார்க்கலாம்.

என்விடியா கார்டுக்காரர்களுக்கு டிரைவர் பற்றி ஒரு வார்த்தை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 580 டிரைவர் தொகுதியோடு புதிய வசதிகள் நின்றுவிட்டன, கார்டில் கணக்கு ஓட்டும் கூடா (CUDA) மென்பொருளின் 13-ஆம் பதிப்பில் அந்தக் கார்டுகளுக்கு இடமில்லை. புதிதாக வரும் மைனிங் மென்பொருள்கள் போகப்போக இவற்றைக் கைவிடும். நன்றாக ஓடுகிற பழைய டிரைவரையும் பழைய மைனர் பதிப்பையும் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் புதிதாகக் கார்டு வாங்கி மைனிங் தொடங்கலாமா என்று கேட்டால், வீட்டு இணைப்பில் வேண்டாம் என்பதே என் பதில். ஏற்கெனவே கையில் இருந்தால் வேறு விஷயம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 8 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு, தரைத்தளத்தில் முங்கிய கம்ப்யூட்டர்களின் கார்டுகளும் கழுவிக் காய வைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. பின்தகட்டைக் கழற்றி, சிப்பின் கால்களுக்கு நடுவே வண்டல் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

என் ஆறு கார்டில் கரண்டு குறைவாக இழுக்கிற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஐப்பசி முதல் தை வரை குளிர்ந்த மாதங்களில், கணக்கு ஒத்துவந்தால் எத்தீரியம் கிளாசிக் ஓட்டுவேன். ஒத்துவராவிட்டால் பெட்டியில் கிடக்கும். மற்ற நான்கையும் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். 8 ஜிபி மெமரி அவர்களுக்கு நன்றாக உதவுகிறது, மைனிங்கில் கிடைத்திருக்கக்கூடியதைவிட நல்ல விலையும் கிடைத்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒரிஜினல் பயாஸைத் திரும்ப ஏற்றினேன், மாற்றிய பயாஸோடு கொடுத்தால் விண்டோஸ் டிரைவர் ஏற மறுக்கும். தெர்மல் பேஸ்ட்டும் பேடும் மாற்றி, மைனிங்கில் ஓடிய கார்டு என்று சொல்லித்தான் கொடுத்தேன். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள், குறைத்துக் கொடுத்தேன்.